டிசைன் புராஜெக்ட்டின் முதல் மூன்று வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு டிசைன் புராஜெக்ட்டுகளுக்கு கைடாக இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் புது டீம்கள் வரும், அதே கேள்விகளும் கூடவே வரும். வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதி வைக்கிறேன். பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், ஒரு டீம் எடுத்துக்கொண்ட இஸ்திரி வண்டி புராஜெக்ட்டையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

தலைப்பு முடிவாகிவிட்டது. நேராக வரைய ஆரம்பித்தால் என்ன?

அந்த டீம் முதல் நாள் கொண்டுவந்த தலைப்பு “சோலாரில் இயங்கும் இஸ்திரி வண்டி”. நல்ல எண்ணம்தான். கரிப்புகை இருக்காது, கரிச்செலவும் இருக்காது. லேப்டாப்பில் படமே வரைந்திருந்தார்கள்: கூரைமேல் தகடு, கீழே பேட்டரி, பக்கத்தில் போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக். “எந்தத் தெரு வண்டிக்கு?” என்று கேட்டேன். நான்கு பேரில் ஒருவர்கூட ஒரு வண்டிப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றதில்லை.

மறுநாள் மேற்கு மாம்பலத்துக்குப் போனார்கள். முதல் வண்டி புங்க மரத்தடியில் நின்றது. இரண்டாவது வேப்ப மரத்தடியில். மூன்றாவது ஒரு அபார்ட்மென்ட் மதிலின் நிழலில். காலையிலிருந்து சாயங்காலம் வரை கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டு நிற்பவர் வண்டியை வெயிலிலா போடுவார்? “தகடு வெயில்ல இருக்கணும்னா நான் எங்கப்பா நிக்கிறது?” என்று முதல் வண்டிக்கார அக்கா கேட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

படம் தப்பு என்று நான் சொல்லவில்லை. தலைப்புக்குள் விடை வந்து உட்கார்ந்துகொண்டது, கேள்வி இன்னும் வரவில்லை. இஸ்திரி வண்டி என்பது இடம், சோலார் என்பது விடை. அந்த இடத்தில் யாருக்கு என்ன கஷ்டம் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. முதல் மூன்று வாரம் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

எந்த மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

வாரத்துக்கு மூன்று முறை, வேலை நடக்கிற நேரத்தில் உங்களால் போக முடிகிற இடம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அருமையான களம், ஆனால் அங்கே வேலை விடியற்காலையில் நடக்கிறது. தாம்பரம் தாண்டி ஹாஸ்டலில் இருந்துகொண்டு அதை எடுத்தால் இரண்டாவது வாரமே யூடியூப் வீடியோ பார்த்து எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். வீட்டுக்குப் பக்கத்துப் பஸ் நிறுத்தம், கல்லூரி கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடம், உங்கள் தெரு இளநீர்க் கடை எல்லாமே போதுமான அளவு பெரிய தலைப்புகள்.

போய் நின்றால் என்ன பார்ப்பது? பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறதே?

பத்து நிமிடத்தில் தெரிவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். புதிதாக ஒன்று கண்ணில் படக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகும்.

1958-இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி, இந்திய அரசின் அழைப்பில் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி உருவானதற்கு அந்த அறிக்கைதான் அடிப்படை. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களிலேயே மிகச் சிறந்தது என்று அதில் அவர்கள் பாராட்டியது நம் வீட்டுச் சொம்பை. பாராட்டியதோடு விடவில்லை. சொம்பை ஒருவர் புதிதாக வடிவமைப்பதென்றால் என்னென்ன யோசிக்க வேண்டியிருக்கும் என்று வரிசையாகக் கேட்டார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிற கையின் அளவு என்ன, தலையிலா இடுப்பிலா கையிலா, காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, ஊற்றும்போது நீர் எப்படி விழுகிறது, கழுவக் கை உள்ளே போகுமா, கல்தரையில் வைத்தால் என்ன சத்தம் வரும். தினமும் தொடுகிற ஒரு பாத்திரத்துக்கு இத்தனை கேள்வி.

அதேபோல் இஸ்திரி வண்டிக்குக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். பித்தளைக் கரிப்பெட்டி ஐந்தாறு கிலோவுக்குக் குறையாது. அதை ஒரு நாளில் எத்தனை முறை தூக்கி வைக்கிறார்? எந்தக் கை? தூக்கும்போது இடுப்பு வளைகிறதா, தோள் உயர்கிறதா? கங்கு தணிந்தால் என்ன செய்கிறார்? தேய்த்தது, தேய்க்காதது இரண்டும் எங்கெங்கே இருக்கின்றன? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆள் சாப்பிடப் போனால் வண்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

முதல் ஒரு மணி நேரம் எதுவும் பேசாமல் பாருங்கள். நேரத்தை எழுதி, பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள். “9.40, மூட்டை பிரித்தார். 9.42, எண்ணினார். 9.43, மறுபடியும் எண்ணினார்.” இந்த மாதிரி வறட்டுக் குறிப்புதான் பின்னால் சோறு போடும். அக்கா ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு முறை எண்ணுகிறார் என்பது இப்படித்தான் தெரியவந்தது. சோலாரை விட்டு மூட்டையின் பக்கம் புராஜெக்ட் திரும்பிய இடமும் அதுதான்.

ஜனவரியில் பார்த்தால் போதுமா?

போதாது. நம் களவேலை பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கிறது. சென்னையில் மனிதர்கள் நிம்மதியாக வெளியே நிற்கிற மாதங்கள் அவை. அக்னி நட்சத்திரத்தில் அந்த மரத்தடி எப்படி இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் தேய்த்த துணி எங்கே போகும் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். “போன மழைக்கு என்ன பண்ணீங்க அக்கா?” என்று நடந்த ஒன்றைக் கேளுங்கள். “மழை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்றால் “பாத்துக்கலாம் தம்பி” என்ற பதில்தான் வரும்.

கூகுள் ஃபார்ம் அனுப்பி நூறு பேரிடம் பதில் வாங்கினால் போதாதா?

நூறு பேர் யார்? உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பும் அத்தை பையனும்தான். தெருவில் நிற்பவர் அந்த ஃபார்மைப் பார்க்கவே மாட்டார். “சோலார் வண்டி வந்தால் பயன்படுத்துவீர்களா?” என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், உங்கள் முகத்துக்காக. நம் ஊர் மரியாதை அப்படி. எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதை பதில் சொல்லும், நேற்றைப் பற்றிக் கேட்டால் அனுபவம் பதில் சொல்லும். நேற்று என்ன நடந்தது, கடைசியாக எப்போது கோபம் வந்தது, எதற்காகப் பணம் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

ஐந்தாறு பேரிடம் நிதானமாகப் பேசுங்கள். ஃபார்ம் வேண்டுமென்றால் அதற்குப் பிறகு, எதை எண்ண வேண்டும் என்று தெரிந்தபின் அனுப்பலாம்.

குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதலாமா? ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தானே?

ரிப்போர்ட் எந்த மொழியிலும் இருக்கட்டும். களக்குறிப்பு அவர்கள் சொன்ன சொல்லிலேயே இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அக்கா சொன்னது: “மடிப்பு கலைஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. மூணு மாடி ஏறி எறங்குனது வேஸ்ட்டு.” ஒரு மாணவர் இதை ஆங்கிலத்தில் “டெலிவரி சிக்கல்” என்று இரண்டு சொல்லில் எழுதிக்கொண்டு வந்தார். மடிப்பு போயிற்று, மாடி போயிற்று, திருப்பி அனுப்புகிற அவமானமும் போயிற்று. அந்த இரண்டு சொல்லிலிருந்து ஒரு வடிவமும் பிறக்காது. மடிப்பு, மூணு மாடி, திருப்பி அனுப்புவது என்ற மூன்றிலிருந்தும் மூன்று வேறு வடிவங்கள் பிறக்கும்.

போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். முதல் நாள் வேண்டாம், இரண்டாம் நாள் கேளுங்கள். முகம் தேவையில்லை, கை போதும். மூட்டையில் இருப்பது அடுத்தவர் வீட்டுத் துணி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வரைந்துகொள்ளுங்கள். வரைந்தால் இன்னும் நன்றாகப் பார்ப்பீர்கள்.

ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று எங்கே தேடுவது?

இதைப் பலர் சடங்காகச் செய்கிறார்கள். ஐந்து கட்டுரைத் தலைப்பை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம் டீமும் அப்படித்தான். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், பள்ளி மாணவியாக இருந்தபோதே சோலார் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்து, 2021-இல் எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, அதே ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். நம் பக்கத்து ஊர்ச் செய்தி. டீமில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததும் முகம் வாடிவிட்டது. வாட வேண்டியதே இல்லை. நிழல், எடை, விலை ஆகியவற்றை அந்த வடிவம் எப்படிக் கையாண்டது என்று உட்கார்ந்து படித்தால் உங்கள் வேலை பத்துப் படி மேலே தொடங்கும். கேஸில் எரியும் இஸ்திரிப் பெட்டியும் சந்தையில் இருக்கிறது. அதை வாங்கியவர்கள் ஏன் வாங்கினார்கள், வாங்காதவர்கள் ஏன் வாங்கவில்லை என்பதும் ஆராய்ச்சிதான்.

இடங்கள் என்று கேட்டால், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் உங்களுக்கு இரண்டாவது வீடாக இருக்கட்டும். எழும்பூர் கன்னிமாரா 1896-லிருந்து இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி வந்துசேரும் நூலகங்களில் ஒன்று. நூறு வருடத்துக்கு முந்தைய தமிழ் இதழ்களும் அவற்றின் விளம்பரங்களும் வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். காப்புரிமை அலுவலகம் கிண்டியிலேயே இருக்கிறது, ஆனால் தேட அங்கே போக வேண்டாம்; ‘இன்பாஸ்’ என்ற அரசுத் தேடல் தளம் இலவசம். மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு ஐஎஸ் 366 என்று ஒரு இந்தியத் தரநிலை உண்டு. உடல் அளவுகளுக்கு வெளிநாட்டு அட்டவணையை எடுக்காதீர்கள். இந்தியர்களை அளந்து என்ஐடி 1997-இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. மேசை உயரம் நான்கு விரற்கடை தப்பினால் வலிப்பது அந்த அக்காவின் தோள். தெருவில் நிற்கிற எதையும் வடிவமைப்பதென்றால் 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பொருள் விற்பவர்களோடு சேவை தருபவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது.

அப்புறம், வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்ற குழப்பத்துக்கு நம் ஊரில் பழைய விடை ஒன்று உண்டு. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் குறி போடுவார்கள். எத்தனை வெளுப்புக்கும் அது போகாது. இதை டீமுக்குச் சொன்னது ஒரு மாணவியின் பாட்டி.

பிரெயின்ஸ்டார்மிங்குக்கு உட்கார்ந்தால் ஒருவர் மட்டுமே பேசுகிறார். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். என்ன செய்வது?

இது உங்கள் டீமின் குறை இல்லை, முறையின் குறை. பிரெயின்ஸ்டார்மிங்கை, அதாவது குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் முறையை, பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். 1953-இல் அவர் எழுதிய புத்தகத்தால் அது உலகம் முழுக்கப் போயிற்று. அவருடைய விதிகள் நான்கு: அப்போதைக்கு எதையும் குறை சொல்லாதே, எண்ணிக்கை கூடட்டும், கிறுக்குத்தனமான யோசனையும் வரட்டும், அடுத்தவர் யோசனைமேல் உன்னுடையதைக் கட்டு. விதிகள் நல்லவைதான். ஆனால் 1958-இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்னதைவிட, நான்கு பேர் தனித்தனியாக எழுதி, ஒரே யோசனை திரும்ப வந்ததைக் கழித்த பிறகும், ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைத்தது. காரணம் எளிது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், காத்திருக்கும்போது தங்களுக்குத் தோன்றியது மறந்துபோகிறது. கூச்சம் வேறு. நம் வகுப்புகளில் ஆங்கிலக் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. நல்ல யோசனை வைத்திருக்கும் பிள்ளை வாக்கியத்தை மனதில் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

அதனால் முதலில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள். ஜெர்மனியின் பெர்ண்ட் ரோர்பாக் 1968-இல் சொன்ன 6-3-5 முறை இதற்கு நன்றாக உதவும். ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை. பிறகு தாளைப் பக்கத்திலிருப்பவரிடம் தள்ள வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு அதன் கீழே மூன்று எழுதுவார். ஆறு சுற்று, அரை மணி நேரம், 108 யோசனை. நான்கு பேர் என்றால் நான்கு சுற்றில் 48. யாரும் வாய் திறக்க வேண்டாம். தமிழில் எழுதலாம், வரையலாம், தங்கிலீஷ் என்றாலும் பரவாயில்லை.

ஒரு முக்கியமான விஷயம். “இஸ்திரி வண்டியை மேம்படுத்துவது எப்படி?” என்று தாளின் தலையில் எழுதினால் 48 வரியும் சோலார், ஆப், ஜிபிஎஸ் என்றுதான் வரும். களத்திலிருந்து வந்த வாக்கியத்தை எழுதுங்கள். நம் டீம் இரண்டாம் முறை எழுதியது: “தேய்த்த இருபது துணி, மடிப்பு கலையாமல், ஒரே ஆள், மூன்று மாடி.” அந்த இருபது நிமிடத்தில் வந்தவற்றில் பாதியை நான் அதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை.

குறிப்பும் யோசனையும் குவிந்து கிடக்கின்றன. எப்படி வகை பிரிப்பது?

தரையில் பரப்புங்கள். கவாகிதா ஜிரோ என்ற ஜப்பானிய மானுடவியலாளர், இமயமலைப் பகுதியில் எடுத்த களக்குறிப்புகளை ஒழுங்குபடுத்தக் கண்டுபிடித்த வழி இது. அவர் பெயரின் முதலெழுத்துகளால் அதற்கு கேஜே முறை என்று பெயர். ஒரு துண்டுத் தாளில் ஒரு செய்தி மட்டும். ஒன்றோடொன்று ஒட்டுகிறவற்றைப் பக்கத்தில் வையுங்கள். தலைப்பை முன்கூட்டியே போடாதீர்கள். குவியல் சேர்ந்த பிறகு அதற்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். எங்கும் சேராத தாள் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். நம் டீமில் அப்படிக் கிடந்தது “ஒவ்வொரு வீட்டு மூட்டையும் அந்த வீட்டுப் பழைய போர்வையில்தான் கட்டியிருக்கிறது” என்ற தாள். போர்வையே அந்த வீட்டின் பெயர்ப்பலகை என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.

வண்ண ஒட்டுத்தாள் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். போன வருட தினசரிக் காலண்டரில் கிழிக்காமல் விட்ட தாள்கள் போதும், அளவும் சரியாக இருக்கும்.

ஏஐயிடம் கேட்கலாமா?

கேளுங்கள், ஆனால் களத்துக்குப் போய் வந்த பிறகு. முன்பே கேட்டால் அது சொல்கிற பத்து விடையும் கண்ணை மறைக்கும். மேற்கு மாம்பலத்து அக்காவின் போர்வை மூட்டையை அது பார்த்ததில்லை.

யோசனை சரிவருமா என்று இந்தக் கட்டத்திலேயே கணக்குப் போட வேண்டுமா?

கட்டாயம், காகிதத்தின் பின்புறத்தில் போடுகிற அளவுக்கு. வண்டிக் கூரையில் 2 சதுர மீட்டர் தகடு என்று வைத்துக்கொள்வோம். நல்ல வெயிலில் ஏறக்குறைய 400 வாட். முழு வெயிலுக்குச் சமமாக ஒரு நாளில் 5 மணி நேரம் கிடைத்தால் 2 யூனிட், அதுவும் நிழலே விழாமல். 1000 வாட் மின்சாரப் பெட்டி, பாதி நேரம்தான் கரன்ட் இழுக்கிறது என்றாலும், 8 மணி நேரத்துக்கு 4 யூனிட் கேட்கும். அந்த 4 யூனிட்டைச் சேமிக்க 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி நான்காவது வேண்டும். ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. லித்தியம் என்றால் எடை குறையும், விலை ஏறும். ஐந்து நிமிடக் கணக்கு இது. முதல் நாளே போட்டிருந்தால் அந்த அழகான படத்துக்கு இரண்டு இரவு கண்விழித்திருக்க வேண்டாம்.

ஜீரோத் ரிவ்யூவில், அதாவது புராஜெக்ட் தொடக்கத்தில் நடக்கும் முதல் மதிப்பீட்டில், என்ன காட்டுவது? கையில் ஒன்றுமே இல்லையே?

களக்குறிப்பு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, குவியல்கள் இருக்கின்றன. கேள்வி எப்படி மாறியது என்பதைக் காட்டுங்கள்: முதல் வாரம் எழுதிய வாக்கியம், இரண்டாம் வாரம் எழுதியது, இன்றைக்கு எழுதியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணமான ஒரு குறிப்பைப் பக்கத்தில் வையுங்கள். “பிராடக்ட் எங்கே?” என்று கேட்கும் எக்ஸாமினரும் உண்டு. பதற வேண்டாம். எதை ஏன் கைவிட்டீர்கள் என்று சொல்ல முடிந்தால் பெரும்பாலானவர்கள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. கண்காட்சியிலோ இன்ஸ்டாகிராமிலோ காட்டிய பிறகு புதுமை என்று கோருவது கஷ்டம். முதலில் தற்காலிக மனு கொடுங்கள். முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும்.

முதல் மாதிரி எப்போது செய்வது, எதில்?

மூன்றாவது வாரக் கடைசியில், அட்டையில். மளிகைக் கடை அட்டைப்பெட்டி, செல்லோ டேப், பழைய பெல்ட் போதும். எலெக்ட்ரானிக்ஸுக்கு ரிட்சி தெருவும், பழைய வண்டிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் எங்கேயும் போய்விடாது, பிறகு போகலாம். அட்டையில் செய்தால்தான் எடுப்பவர் தயங்காமல் வளைப்பார், கிழிப்பார், “இது வேணாம்” என்பார். பளபளப்பாகக் கொண்டுபோனால் “நல்லாருக்கு தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

நம் டீம் செய்தது ஒரு தட்டு. துணி அடுக்கத் தட்டையான அடி, மடிப்பு நகராமலிருக்க இரண்டு பக்கத்திலும் சின்ன விளிம்பு, மேலே கைப்பிடி. கைப்பிடிக்குத்தான் அதிக நேரம் செலவழித்திருந்தார்கள். அக்கா வாங்கிப் பார்த்தார். கைப்பிடியை மடக்கி அடியில் தள்ளினார். தேய்த்த துணிகளை அடுக்கி, அந்த வீட்டுப் போர்வையை எடுத்துத் தட்டோடு சேர்த்துச் சுற்றி, எப்போதும் போடுகிற முடிச்சைப் போட்டார். முன்கையில் ஏந்திக்கொண்டு எதிர் வீட்டு மாடி ஏறிப் போனார். ஒரு கை மாடிப்படிக் கம்பியைப் பிடித்திருந்தது.

அக்கா இறங்கி வந்ததும் டீமில் ஒரு மாணவி கேட்டது: “அக்கா, எந்தக் கை வலிக்குது?” அன்று சாயங்காலமே கைப்பிடியை வெட்டிவிட்டு, முன்கை படிகிற இடத்தில் அட்டையை வளைத்து இரண்டாவது மாதிரி செய்ய உட்கார்ந்தார்கள்.